"வேணும்னே இடிச்சான் சார்": பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சண்டை போட்டுவிட்டு என் அறைக்கு வரும் பிள்ளைகளிடம் என்ன நடந்தது என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில், "வேணும்னே இடிச்சான் சார்." இடித்தவனை விசாரித்தால், அவனைப் பின்னாலிருந்து வேறு யாரோ தள்ளியிருப்பார்கள். அதற்குள் ஒருவன் சட்டைப் பொத்தான் போயிருக்கும், இன்னொருவன் உதடு கிழிந்திருக்கும்.

அடுத்த வாரம் முதல், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை, வாரம் ஒரு பாடவேளையில் மீள்திறன் பயிற்சி, அதாவது கோபம், கேலி, தோல்வி வரும்போது நிதானமிழக்காமல் மீண்டு வரப் பழக்கும் பயிற்சி, தொடங்குகிறோம். வகுப்பாசிரியர்களே நடத்துவார்கள். தேர்வு, மதிப்பெண் எதுவும் கிடையாது.

கென்னத் டாட்ஜ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். சிறுவர்கள் அடுக்கிக்கொண்டிருந்த புதிரை வேறொரு சிறுவன் கலைத்துவிட்டதாக அவர்களை நம்பவைத்தார். வேண்டுமென்றே கலைத்தான் என்றோ, தெரியாமல் கலைத்தான் என்றோ தெளிவாக இருந்தபோது, அடிக்கடி சண்டைக்குப் போகும் பிள்ளைகளும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள். எது என்று புரியாதபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. சண்டைக்காரப் பிள்ளைகள் அதைப் பகையாகவே எடுத்துக்கொண்டார்கள். பள்ளி வராந்தாவில் நடப்பதில் பாதிக்கு மேல் இப்படிப் புரியாத ரகம்தானே!

வகுப்பில் என்ன நடக்கும்? ஆசிரியர் ஒரு நிலைமையைச் சொல்வார்: உன் ஜியாமெட்ரி பாக்ஸ் கீழே சிதறிக் கிடக்கிறது, பக்கத்தில் ஒருவன் சிரித்தபடி நிற்கிறான். என்ன நடந்திருக்கும்? ஒவ்வொருவரும் மூன்று காரணமாவது சொல்ல வேண்டும். முதல் காரணம் எல்லோருக்கும் பட்டென்று வந்துவிடும். மூன்றாவதைத் தேடும்போதுதான் யோசிக்கவே தொடங்குவார்கள். அப்புறம், மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விட்டுப் படபடப்பைத் தணிப்பது, கை ஓங்காமல் "எனக்கு வலிச்சுது, ஏன் இடிச்ச?" என்று நேராகக் கேட்பது, கேலியையும் தோல்வியையும் தாண்டி வருவது என்று பயிற்சி போகும்.

இதெல்லாம் பலிக்குமா என்று கேட்பீர்கள். உணர்ச்சிகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் கற்றுத்தரும் 213 பள்ளித் திட்டங்களைத் தொகுத்து ஆராய்ந்து 2011-இல் ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் பங்கேற்ற பிள்ளைகளின் நடத்தையும் படிப்பும் சராசரியாக மேம்பட்டிருந்தன. பெரிய மாயம் ஒன்றுமில்லை, ஆனால் வாரம் ஒரு பாடவேளை செலவழிக்கத் தகுந்த பலன் என்றே எனக்குப் படுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடி வாங்கும் பிள்ளையைப் பொறுத்துப் போகச் சொல்லும் பயிற்சி இல்லை இது. ஆள் பார்த்து, திட்டம் போட்டு மிரட்டுகிறவனுக்குப் பெரும்பாலும் கோபமே இருக்காது. அவனிடம் மூச்சுப் பயிற்சி பேசிப் பயனில்லை. அவனுக்குப் பள்ளி விதிகள் அப்படியே இருக்கின்றன. உங்கள் பிள்ளையை யாராவது தொடர்ந்து சீண்டினால், பயிற்சி முடியட்டும் என்று காத்திருக்காமல் நேராக என்னிடம் வாருங்கள்.

வீட்டில் உங்களிடம் எதிர்பார்ப்பது கொஞ்சம்தான். சண்டைச் செய்தியோடு பிள்ளை வீடு திரும்பினால், உடனே "ஏன்டா அடிச்ச?" என்று ஆரம்பிக்க வேண்டாம். அதற்குச் சாக்குப்போக்குதான் பதிலாக வரும். சாப்பிட்டு, கொஞ்சம் ஆறிய பிறகு, "அவன் எதுக்கு அப்படிப் பண்ணினான்னு நீ நினைச்ச?" என்று கேளுங்கள். "வேற எதாவது காரணம் இருந்திருக்குமா?" என்பதை அடுத்துக் கேட்கலாம். "நீயும் ரெண்டு போட்டுட்டு வா" என்ற அறிவுரையைத் தயவுசெய்து நிறுத்திவையுங்கள். தலையணையைக் குத்தினால் கோபம் தீரும் என்பார்கள். சோதித்துப் பார்த்த ஆய்வுகளில், ஆத்திரமூட்டியவனை நினைத்துக்கொண்டே குத்துவது கோபத்தைக் கூட்டத்தான் செய்தது.

பயிற்சி தொடங்கும் முன் வரும் வெள்ளிக்கிழமை மாலை, பள்ளி விட்டதும் பெற்றோர் கூட்டம் வைத்திருக்கிறோம். முதல் வாரப் பாடத்தை உங்களுக்கே நடத்திக் காட்டுவோம். அப்பா, அம்மா இருவரில் ஒருவராவது வந்தால் நல்லது. வர இயலாதவர்கள், எந்த நாளில் பேச வசதி என்று பிள்ளையின் டைரியில் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்