கில்லார்னி ஏரியின் நீலம் எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் கோடை விடுமுறைப் பக்கத்தில் ஒன்ராறியோவின் கில்லார்னி மாகாணப் பூங்கா பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம். நயாகராவையும் வசாகா கடற்கரையையும் விட்டால் போக இடமே இல்லை என்று எங்கள் சனம் இருக்கும்போது, 400, 69 நெடுஞ்சாலைகளைப் பிடித்து வடக்கே ஏறிப் போங்கள் என்று ஒரு தமிழ்ப் பத்திரிகை சொன்னதே பெரிய காரியம். ஆனால் அந்தப் பூங்காவிலுள்ள ஓ.எஸ்.ஏ. ஏரியின் படத்துக்குக் கீழே ‘மாசு தீண்டாத நீர்’ என்று போட்டிருந்தீர்களே, அதை என்னால் சும்மா விட முடியவில்லை.

அந்தக் கண்ணாடித் தெளிவுக்குப் பெரும் பங்கு அமில மழையுடையது. பூங்காவுக்கு வடகிழக்கே சட்பரி நகரம். அங்கே நிக்கல் உருக்காலைகள் பல பத்தாண்டுகளாகக் கக்கிய கந்தகப் புகை காற்றோடு வந்து மழையும் பனியுமாக இந்த ஏரிகளில் இறங்கியது. 1966இல் இங்குள்ள லம்ஸ்டன் ஏரியில் ரொறன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சால்மன் குஞ்சுகளை விட்டார்கள், அடுத்த வருஷம் தேடினால் ஒன்றுகூட இல்லை. அப்படித்தான் விஷயம் வெளியே வரத் தொடங்கியது. தண்ணீர் அமிலமானால் இலை தழை அழுகிக் கரைகிற பழுப்பு நிறம் குறைந்துபோகும், மிதக்கிற நுண்ணுயிர்களும் குறையும், வெளிச்சம் ஆழத்துக்கு இறங்கும். எங்களுக்கு அது நீலமாகத் தெரிகிறது, மீன் போய்விட்டது. 1972இல் சட்பரியில் 381 மீற்றர் உயரத்துக்கு ஒரு புகைபோக்கி கட்டினார்கள். ஊர்க்காரருக்கு மூச்சு விட முடிந்தது, ஆனால் மிச்சப் புகை இன்னும் தூரமாகப் போய் விழுந்தது!

ஏன் கில்லார்னிக்கு மட்டும் இவ்வளவு அடி என்று பிள்ளைகள் கேட்டால் யாழ்ப்பாணத்துக் கேத்திலைக் காட்டிச் சொல்லலாம். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியுமே, அந்தச் சுண்ணாம்புதான் அமிலத்தை முறிப்பது. கில்லார்னியின் லா குளோஷ் மலைகள் வெள்ளை வெளேரென்ற குவார்ட்சைட் பாறை, அதில் சுண்ணாம்பு கிடையாது. பக்கத்திலேயே மனிற்றூலின் தீவு முழுக்கச் சுண்ணாம்புக்கல், அந்த ஏரிகள் தப்பிவிட்டன. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம் என்பதுதான் வசதி.

பிறகு சட்டம் இறுகியது, 1991இல் காற்று மாசைக் குறைக்க அமெரிக்காவோடு ஒப்பந்தமும் வந்தது, சட்பரிப் புகையில் தொண்ணூறு வீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது, சில ஏரிகளில் மீனும் திரும்பியிருக்கிறது. ஆகவே சோகக் கதை என்று யாரும் பயப்பட வேண்டாம், தாராளமாகப் போங்கள். ஆனால் போகிறவர்களுக்கு வேண்டிய விபரங்களையும் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது, அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

கோடையில் வாகன அனுமதியை இணையத்தில் ஐந்து நாள் முன்னதாகவே எடுக்கலாம், எடுக்காமல் சனிக்கிழமை காலை போய் நின்றால் அநேகமாகத் திருப்பி அனுப்புவார்கள். ‘த கிராக்’ என்ற நடைபாதை போய்வர ஆறு கிலோமீற்றர்தான், ஆனால் கடைசிப் பகுதியில் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே விழுந்து கிடக்கிற பெரிய கற்களில் கையும் காலும் ஊன்றித்தான் ஏற வேண்டும். செருப்போடு வந்து பாதியில் திரும்புகிற குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். அப்பம்மா அம்மம்மாவோடு போகிறவர்களுக்கு கிரனைட் ரிட்ஜ் நடைபாதை போதும், இரண்டு கிலோமீற்றர், காலடியில் இளஞ்சிவப்புக் கருங்கல், எதிரே வெள்ளை மலை. ஜூனில் நுளம்பும் கறுப்பு ஈயும் பிய்த்துவிடும், ஓகஸ்ட் பரவாயில்லை. சோற்றுப் பார்சலைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், கரடி வரும்.

திரும்பும்போது மனிற்றூலின் பக்கம் போனால் லிற்றில் கரண்ட் என்ற ஊரில் 1913இல் கட்டிய சுழல் பாலம் இருக்கிறது. கோடையில் பகல் நேரத்தில் மணிக்கு ஒருமுறை படகுகளுக்காகத் திறப்பார்கள், கால் மணி நேரம் காரை நிறுத்திவிட்டு இறங்கி வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அங்கிருந்து தீவின் தெற்குக் கரைக்குப் போய்ச் சீ-சீமோன் கப்பலில் காரையும் ஏற்றினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மறுகரையிலுள்ள ரொபர்மோரி.

அப்புறம், நீங்கள் அடுத்த கிழமை திருத்தம் போடுவதானால் சட்பரியையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் புகைபோக்கி 2020இல் பாவனையிலிருந்து எடுக்கப்பட்டது. கருகிக் கிடந்த பாறை மேடுகளில் 1978 முதல் சுண்ணாம்பு தூவி நட்ட மரங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. சட்பரியிலுள்ள பெரிய நிக்கல் நாணயச் சிலைக்கு முன்னால் படம் எடுத்துவிட்டு வருகிற எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இப்படிக்கு,
ஸ்காபறோ வாசகர் ஒருவர்