புதன்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. அப்பா கிழிந்த வலைகளைச் சரிபார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறார். இப்போது பழைய மாதிரி இல்லை. நாட்டுப்படகில் வந்த நெத்திலியைக் காயவைத்திருக்கிறேன், அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

முன்பெல்லாம் புதன்கிழமை சாயங்காலம் மனநல டாக்டரிடம் பேசப் போயிருப்பாய், போன் எடுக்க மாட்டாய். இப்போது மூன்று புதனாக முதல் மணியிலேயே எடுக்கிறாய். "நல்லாருக்கேன்மா" என்று வைத்துவிடுகிறாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்தாதே.

போன வாரம் கண்ணாடி மாற்றுவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு மதுரைக்குப் போய், உன்னை முதலில் பார்த்த டாக்டரம்மாவைப் பார்த்தேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன், பொதுவாகக் கேளுங்கள் என்றார். பேசிப் பார்க்கிற வைத்தியம் சிலருக்கு ஏன் கேட்பதில்லை என்று கேட்டேன்.

காய்ச்சல்காரனுக்குக் காய்ச்சல் வேறு, தான் வேறு என்று தெரியும். ஆளுமைக் கோளாறு (அந்தப் பெயரே எனக்குப் பிடிக்கவில்லை, ஆளையே கோளாறு என்பது போல) அப்படி இல்லையாம். நினைக்கிற விதமும் பழகுகிற விதமுமே அதுவாக இருப்பதால், எதைப் பிரித்து எடுப்பது என்று அவர்களுக்கே பிடிபடாது. அப்புறம், மற்றவர்களோடு வருகிற பிணக்கு டாக்டரோடும் வரும். முதல் மாதம் சாமியாகத் தெரிந்தவர், ஒரு நாள் போன் எடுக்காவிட்டால் கைவிட்டவர் ஆகிவிடுவார். அந்தக் கோபத்தை அவர் எதிரிலேயே உட்கார்ந்து பேசித் தீர்ப்பதுதான் மருந்து. நிறையப் பேர் சரியாக அங்கேதான் எழுந்து போய்விடுகிறார்கள் என்றார்.

சாதாரண கவுன்சலிங் பல சமயம் போதாதாம். "மாறு, மாறு" என்றால் குற்றம் சொல்வதாகப் படும். "உன் வலி நியாயம்தான்" என்று மட்டும் சொன்னால் எதுவும் மாறாது. அமெரிக்காவில் மார்ஷா லைனஹன் என்பவர் ரெண்டையும் சேர்த்து ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறார், டிபிடி என்று. வாராவாரம் ஒரு வருஷமாவது போகவேண்டும். அது பழகியவர்கள் நம் பக்கம் குறைவு. அந்த லைனஹன் அம்மாவே சின்ன வயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர். 2011-இல், 68 வயதில்தான் ஊரறியச் சொன்னார். பெரும்பாலோருக்கு வருஷம் போகப் போகத் தணிந்துவிடுகிறது என்றும் டாக்டரம்மா சொன்னார். நம் தெருவில் இன்ஜினியரிங் முடித்த முதல் பெண் நீ. உன்னால் ஒரு வருஷம் உட்கார முடியாதா? மூன்று பேரை மாற்றிவிட்டாயே!

கடைசியில், "வீட்டில் நடந்ததை மறைத்துவிட்டால் எதை வைத்து வைத்தியம் பார்ப்பது?" என்றார். பொதுவாகத்தான் சொன்னார். எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

பத்தாவதில் உன் கையில் இருந்த கோடுகளைப் பற்றி அந்த டாக்டரம்மா கேட்டபோது, கண்ணாடி வளையல் உடைந்து கிழித்தது என்று சொன்னவள் நான். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டைக் கையை விரல் வரை இழுத்துவிட்டுக்கொண்டாய். நீ வளையலே போட மாட்டாய் பாப்பா. அப்பாவின் ராத்திரிகளையும் நான் சொல்லவில்லை. நீ அழும்போதெல்லாம் "நடிக்காதே" என்றதையும் சொல்லவில்லை. 2001-இல் ஏர்வாடி காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் எரிந்துபோனபோது நீ கைப்பிள்ளை. மனசுக்கு வைத்தியம் என்றாலே எனக்கு அந்தச் சங்கிலிதான் கண்ணில் நிற்கும். உன் பெயரையும் அப்படி எழுதிவிடுவார்களோ என்று பயந்தேன். எட்டாவது தடவையோடு, பேசுவதற்கா இவ்வளவு காசு என்று நிறுத்தியதும் நான்தான். முதல் டாக்டரை விட்டது நீ இல்லை.

பாலம் திறந்ததிலிருந்து இங்கிருந்தே ரயில் இருக்கிறது. வருகிற செவ்வாய் ராத்திரிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். டாக்டர் உள்ளே கூப்பிட்டால் வந்து அந்த வளையல் பொய்யைத் திருத்திச் சொல்கிறேன். கூப்பிடாவிட்டால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மாத்திரையை நிறுத்தாதே. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா
பாம்பன்