ஏழு ஏன் ஜோடியாக வருகிறது?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். முக்கோண எண்களில் 7-ஆல் வகுபடுபவை 21, 28 என்று அடுத்தடுத்து வருகின்றன. அப்புறம் கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை, மறுபடி 91, 105. ஏன் ஜோடியாகவே வருகின்றன என்று கேட்டிருக்கிறாய்.

ஒரு எண்ணையும் அதற்கு அடுத்ததையும் பெருக்கிப் பாதியாக்கினால் முக்கோண எண். ஆறாவது, 6 × 7 ÷ 2 = 21. ஏழாவது, 7 × 8 ÷ 2 = 28. இரண்டிலும் இருப்பது அதே 7-தான். முதலில் வலது பக்கம், அப்புறம் இடது பக்கம். 7 பகா எண், பாதி இங்கே பாதி அங்கே என்று பிரிந்து நிற்க அதற்கு வழியில்லை. 11, 13 எதை எடுத்தாலும் அத்தனை முக்கோண எண்கள் கொண்ட ஒரு சுற்றுக்கு இரண்டேதான். 15 அப்படியில்லை. 5 × 6-இல் அதன் 5 ஒரு பக்கமும் 3 மறுபக்கமும் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் முதல் 15 முக்கோண எண்களிலேயே 15, 45, 105, 120 என நான்கு சிக்குகின்றன.

2 மட்டும் தனி ரகம். பாதியாக்கும்போது ஒரு 2 போய்விடுவதால் ஒற்றை, ஒற்றை, இரட்டை, இரட்டை என்று ஓடும்: 1, 3, 6, 10, 15, 21, 28, 36.

ஆனால் வகுபடுவதை மட்டும் பார்த்து நீ நிறுத்தியிருக்க வேண்டாம். மீதிகளையும் எழுதிப் பார். 7-க்கு 1, 3, 6, 3, 1, 0, 0. முதல் ஐந்தைப் பின்னாலிருந்து படித்தாலும் அதேதான். 2, 4, 5 எவ்வளவு தூரம் போனாலும் வராது. முக்கோண எண்ணை 8-ஆல் பெருக்கி 1 கூட்டினால் எப்போதும் வர்க்க எண்தான் கிடைக்கும் (21-க்கு 169, அதாவது 13-இன் வர்க்கம்). 8-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், முக்கோண எண்ணின் மீதி 2, 4, 5 என்றால் அந்த வர்க்கத்தின் மீதி 3, 5, 6 ஆக வேண்டும். ஆனால் வர்க்க எண்களை 7-ஆல் வகுத்தால் 3, 5, 6 மீதி வருவதே இல்லை. காரணம் அங்கேதான் இருக்கிறது. எனக்கு இந்த அட்டவணையிலேயே பிடித்த இடம் இதுதான்.

சரி, இப்போது 8-ஆல் வகுத்துப் பார். பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கு: 0, 1, 3, 6, 2, 7, 5, 4. எட்டு மீதியும் ஒவ்வொரு தடவை, ஒன்றும் விடுபடவில்லை. 16, 32-க்கும் இப்படியே. ஏன் என்று நான் எழுதினால் சின்ன வயதில் போலவே கோபித்துக்கொள்வாய். இரண்டு முக்கோண எண்களின் வித்தியாசத்தைக் காரணிப்படுத்திப் பார், போதும். விடை கிடைத்ததும் எழுது.

அன்புடன்,
அம்மா