அன்றைக்கு நீ என்னோடு இல்லை

தஞ்சாவூர்

அன்புள்ள கணேசா,

இங்கே எல்லோரும் நலம். எனக்குச் சர்க்கரை மட்டும் ஏறி இறங்குகிறது. ஆறு மாதமாக எழுதாதது என் தப்புதான். திட்டுவதைப் பிறகு திட்டு, முதலில் இதைப் படி.

பரணை ஒழித்தபோது உன் பழைய கடிதம் ஒன்று கிடைத்தது. நாக்பூர், 4.1.1988. எம்.ஜி.ஆர். இறந்ததை அங்கே ரேடியோவில் கேட்டதாகவும், "கூட அழ ஒரு தமிழன் இல்லையடா" என்றும் எழுதியிருக்கிறாய். டிசம்பர் 24 காலை, கீழவீதி டீக்கடை வாசலில் நீ என் தோளில் கை போட்டு நின்றாய் என்றல்லவா நான் இத்தனை வருஷமாகச் சொல்லிவருகிறேன்! உன் பெண் கல்யாணப் பந்தியில்கூடச் சொன்னேன். நீயும் தலையாட்டினாயே, பாவி!

மனோதத்துவம் படிக்கும் பேத்தியிடம் புலம்பினேன். 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, அமெரிக்காவில் நைசர் என்ற பேராசிரியர், செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினாராம். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரைக் கேட்டால், 11 பேர் சொன்னது எதுவுமே பழையதோடு ஒட்டவில்லை. சொந்தக் கையெழுத்தைக் காட்டியும் பழையது ஞாபகத்துக்கு வரவில்லை. அவர்களோ கல்லூரிப் பிள்ளைகள்! வயதானால் நடந்தது நிற்கும், எங்கே, யாரோடு என்பதுதான் நழுவும் என்கிறாள்.

கட்டில், தலையணை, கனவு, குறட்டை என்று ஒரு பட்டியல் வாசித்தாள். அதில் 'தூக்கம்' இருந்தது என்று அடித்துச் சொன்னேன். அவள் அந்தச் சொல்லை வாசிக்கவே இல்லை. இந்தச் சோதனையில் மனசு வாடியிருப்பவர்கள் குறைவாகவும், குஷியாக இருப்பவர்கள் அதிகமாகவும் ஏமாறுகிறார்களாம். நான் அந்தக் கதையைச் சொன்னதெல்லாம் கல்யாணப் பந்திகளில்தானே, கணேசா.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது உன் கடிதத்தின் கடைசி வரி. "அழுதுகொண்டு நின்ற உன்னை அண்ணன்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தாராமே."

அண்ணன். நிலத் தகராறுக்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார். தோளில் இருந்தது அவர் கைதானா? கோபத்தில் அவரை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் உன்னை நிறுத்திக்கொண்டேனா?

அப்போது நான் உனக்கு எழுதியது உன் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா, பார். இருந்தால் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. போனில் மட்டும் படித்துக் காட்டாதே. நீ வாயால் சொன்னால், அதுவும் நாளைக்கு என் ஞாபகமாகிவிடும்.

உன்,
சாமிநாதன்