களனி கங்கை மலையகத்தில் தொடங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

களனி கங்கையைக் கொழும்பின் ஆறாகவே எங்கள் பிள்ளைகள் அறிந்திருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. 145 கிலோமீற்றர் நீளமான அந்த ஆறு, சிவனொளிபாதமலைத் தொடரில் ஊறிவரும் மஸ்கெலி ஓயாவும் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமிருந்து இறங்கும் கெசல்கமு ஓயாவும் கலப்பதால் பிறக்கிறது. முன்னதை மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கமும் பின்னதைக் காசல்ரீ நீர்த்தேக்கமும் மறித்து நிற்கின்றன. மவுஸ்ஸாக்கலையில் நீர் வற்றும் காலங்களில், மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோயில் சேற்றுக்கு மேலே தெரியும்போது, நாங்கள் இன்றும் கரைக்குப் போய்க் கும்பிட்டு வருகிறோம். கித்துல்கலையில் ஆறு தாழ்நில மழைக்காட்டைத் தொடுகிறது. அவிசாவளைக்கருகே சீதாவக்க கங்கை வந்து சேர்கிறது.

அம்பத்தளையில் கொழும்புக்கான குடிநீர் இவ்வாற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆனால் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னாலுள்ள வடிகானில், மழை பிடித்து அரை மணி நேரத்துக்குள் ஓடும் தண்ணீர் பால்தேநீரின் நிறத்தில் இருக்கிறது. அது தேயிலை மலையின் மேல்மண். ஓடைக்கரைகளில் மரங்களை வெட்டாது விட்டால் இம்மண்ணில் பெரும்பகுதி மலையிலேயே தங்கும். தோட்ட நிர்வாகங்களும் நீர்வழங்கல் அதிகாரிகளும் இக்கரைகளை ஒன்றாக நடந்து பார்த்து, மரம் நடவேண்டிய இடங்களைத் தொழிலாளரிடமே கேட்டறிய வேண்டுமெனத் தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மஸ்கெலியா