தெருக்கம்பத்து நியூட்ரலை நிரந்தரமாகச் சரிசெய்து தரக் கோரி மனு

அனுப்புநர்: சிவன் கோவில் வடக்கு வீதி மின் நுகர்வோர், செட்டிநாட்டுப் பகுதி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்: உதவிப் பொறியாளர் அவர்கள், மின்வாரியப் பிரிவு அலுவலகம்.

ஐயா, வணக்கம்.

இரண்டே மாதத்தில் எங்கள் வீதியில் மூன்று முறை வோல்டேஜ் எகிறிவிட்டது. முதல் தடவை எங்கள் வீட்டில் டிவியும் பிரிட்ஜும் போனபோது வீட்டு வயரிங்கைத்தான் சந்தேகப்பட்டோம், ஏனென்றால் பழைய வளவு வீடு, தேக்குச் சட்டத்தில் கிளிப் அடித்து ஓட்டிய வயர். சரி என்று கடன் வாங்கி முகப்பிலிருந்து அடுப்படி வரை புது வயர் இழுத்து, எம்.சி.பி.யும் (கரண்ட் கூடினால் தானாக விழும் ஸ்விட்ச்) எர்த்தும் போட்டோம். அடுத்த வாரமே மறுபடியும்.

அன்று எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தார், எங்கள் வீட்டில் 310 வோல்ட். அதே நேரம் எதிர்வீட்டில் பல்பு மினுக்கட்டான்பூச்சி மாதிரி எரிந்தது. கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி விட்டுப்போனால் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் இருக்கிற 400 வோல்ட்டை வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன, மோட்டார் ஓடுகிற வீட்டுக்குக் குறைவு, இரண்டு லைட் மட்டும் எரிகிற வீட்டுக்கு அதிகம். எம்.சி.பி. கரண்ட் கூடினால்தான் விழும், வோல்டேஜ் ஏறியதற்கு விழாது. பக்கத்து வீட்டு ஆச்சி மூச்சுத் திணறலுக்கு வைத்திருந்த நெபுலைசரும் அன்று கருகிவிட்டது. அதுதான் எங்களை ரொம்பப் பயமுறுத்தியது.

புகார் சொன்னதும் லைன்மேன் வந்தார், அதில் குறையில்லை. ஆனால் மூன்று முறையும் கம்பத்தில் நியூட்ரல் ஜம்பரை, அதாவது இணைப்புக் கம்பித் துண்டைச் சுரண்டி மறுபடி முறுக்கிவிட்டுத்தான் போனார். கடைசியாக வெட்டிப்போட்ட துண்டை எடுத்து வைத்திருக்கிறோம், முறுக்கின இடத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, ஒரு பக்கம் உருகியிருக்கிறது. ஆடிக்காற்று அடித்தால் இப்போதுள்ள முறுக்கும் நிற்காது.

ஆகவே அந்த ஜம்பரை முறுக்கி விடாமல் புதுக் கம்பியும் சரியான கிளாம்பும் போட்டு மாற்றித் தர வேண்டும். டிரான்ஸ்பார்மர் நியூட்ரலின் எர்த்தையும் அளந்து பார்க்க வேண்டும், நம்முடைய செம்பாறை மண் கோடையில் காய்ந்தால் எர்த் பிடிப்பதில்லை. ஒரே ஃபேஸில் அதிக வீடுகள் இருந்தால் பிரித்துவிடுங்கள். அப்புறம், பழுது கம்பத்தில்தான் இருந்தது என்று எழுத்தில் ஒரு வரி வேண்டும், இழப்பீடு கேட்க அது இல்லாமல் முடியாது.

சர்வீஸ் எண்களும் ரிப்பேர் பில் நகல்களும் இணைத்துள்ளோம். வேலைக்கு வரும் நாளை முந்தின நாளே சொன்னால் எல்லா வீட்டிலும் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
வடக்கு வீதி குடியிருப்போர்