அன்டிவைரஸிலும் ஓட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் எந்தக் கொமியூனிகேஷன் கடையில் கேட்டாலும் "அன்டிவைரஸ் இருக்கு, பயமில்லை" என்பார்கள். அந்த மென்பொருளே விண்டோஸில் மிக உயர்ந்த அதிகாரத்தோடு ஓடுகிறது. வரும் கோப்புகளை நாம் திறக்குமுன்பே அது பிரித்துப் பார்த்துவிடும். பிரிக்கும் பகுதியில் பிழை இருந்தால், மின்னஞ்சல் வந்து விழுந்தாலே கணினி திருடர் கட்டுப்பாட்டுக்குப் போகலாம். 2017 மே மாதம் விண்டோஸோடு வரும் மைக்ரோசொப்ட் டிஃபென்டர் அன்டிவைரஸில் கூகுள் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது இதைத்தான். கோப்புகளைப் பிரித்துப் பார்க்கும் பகுதியான என்ஜினின் 1.1.13704.0 பதிப்பில் அது திருத்தப்பட்டது.

ஆகவே வைரஸ் பட்டியல் புதிதாக இருந்தால் மட்டும் போதாது. விண்டோஸ் செக்யூரிட்டியில் செட்டிங்ஸ், பிறகு அபௌட் போய் என்ஜின் வெர்ஷனையும் பாருங்கள். டேட்டா மிச்சம் பிடிக்க அப்டேட்டை நிறுத்துவதும், கிராக் செய்த அன்டிவைரஸ் போடுவதும் ஒன்றுதான். தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு) போடும் கணினியை, வருவோர் போவோர் பாவிக்கும் வைஃபையில் இணைக்கவே வேண்டாம்.

வாசகர்,
ஹட்டன்